பத்திரிகை அடைத்த தோட்டா

தவசியப்பனுக்கு முதலில் அநியாயம் செய்தவன் வெயில்முத்து. அவனுக்குப் பிறகும் ஆனைமந்தையில் அவருக்கு அநியாயம் செய்தவர்கள் உண்டு, துப்பாக்கியைப் பிடித்து வைத்துக்கொண்ட இன்ஸ்பெக்டர் உண்டு, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அச்சாபீஸ்காரர் உண்டு, ஆனால் அவர்கள் எல்லோரும் வெயில்முத்துவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். வெயில்முத்து அந்நியன் இல்லை. தவசியப்பனின் மனைவி காத்தம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். தன் மகள் பூரணத்தின் கல்யாணத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, "மாப்ள, முன்னால வந்து நடத்திக் குடுங்க" என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்க வேண்டியவன், பத்திரிகையை ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். வீடு பூட்டியிருந்ததால் டிரைவர் அதை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனான்.

"அண்ணனுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும்ங்க" என்றாள் காத்தம்மாள்.

"அந்த ஆயிரத்துல நான் ஒண்ணு இல்லையா?" என்றார் தவசியப்பன்.

அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவர் போகாததால் அவளும் போகவில்லை, அவள் போகாததால் வெயில்முத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவன் எட்டிப் பார்க்காததால் காத்தம்மாள் பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை, இப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வருஷங்களில் பூரணத்துக்குப் பிறந்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வெயில்முத்துவுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது என்பதைத் தவசியப்பனே ஒத்துக்கொள்வார், ஆனால் அது தன் குற்றம் இல்லை என்பார். அந்தத் துப்பாக்கி அவருடைய மாமனார் ஆண்டிச்சாமியுடையது. பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல். கிழவர் தோள் தளர்ந்தபோது அதைத் தலைமகன் வெயில்முத்துவுக்குக் கொடுக்காமல் மருமகன் பேருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். "இவன் கோவத்துல சுட்டுட்டு அப்புறம் யோசிப்பான், மாப்ள யோசிச்சுக்கிட்டே சுடாம விட்டுருவாரு, துப்பாக்கி அவருகிட்ட இருந்தாத்தான் யாருக்கும் ஆபத்தில்லை" என்று தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் நாலு பேர் சிரிக்கச் சொன்னார். அந்தச் சிரிப்பு வெயில்முத்துவின் காதில் விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

கிழவர் சொன்னது சரிதான். தவசியப்பன் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும், ஆனால் துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. துப்பாக்கி சுடுவதற்காக இல்லை, ஒரு வீட்டில் அது இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக. ஒருமுறை பட்டப்பகலில் மூன்று பேர் ஏலக்காய் மூட்டையைத் தூக்க வந்தபோது, அவர் கதவைக்கூடத் திறக்கவில்லை, உள்ளே உட்கார்ந்தபடி குழலை மடக்கி மூடினார், அந்த ஒரு 'கடக்' சத்தத்துக்கு மூன்று பேரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அந்தச் செருப்புகளில் ஒரு ஜோடியைக் காத்தம்மாள் வெகுநாள் தோட்டத்துக்குப் போட்டுப் போனாள். தேர்தல் வந்தாலும் ஊரில் கலாட்டா வந்தாலும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம்தான் அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்குள் பாம்பு நுழைந்த நேரத்தில் வந்து கையிலிருக்கிற கம்பை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பார்.

தோட்டா கெட்டிக்கிற வேலைதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கடைத்தோட்டா கிடைக்காத காலத்தில், சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைச் சாம்பல் போட்டு விளக்கி, முற்றத்தில் சாக்கு விரித்து மூன்று பேரும் உட்காருவார்கள். வெயில்முத்து கூட்டின் அடியில் கேப்பு அடிப்பான், தவசியப்பன் வெடிமருந்து போடுவார், ஈய ரவையை நிரப்பி வாய்க்கு மெழுகு வைப்பது காத்தம்மாள். அவள் விரல் பட்ட மெழுகில் ஒரு பொட்டு காற்றுகூட நுழையாது. மருந்து வாசனையும் மெழுகு வாசனையும் அவள் தலையில் வைத்த மரிக்கொழுந்து வாசனையும் கலந்து அடிக்கும். "நீ கெட்டிச்ச தோட்டாவுக்குப் பன்னி சிரிக்கும்டா மாப்ள" என்பான் வெயில்முத்து. "உன் மூஞ்சியப் பாத்தே சிரிச்சிருக்கும் மச்சான், என் தோட்டா என்ன செய்யும்" என்பார் இவர். பிறகு இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்காவலுக்குப் போவார்கள். அந்தக் கம்பளி இப்போதும் தவசியப்பன் வீட்டுப் பரணில் இருக்கிறது, இரண்டு பேர் அகலத்துக்கு.

மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வட்டமாக ஒரு தக்கை வைத்து அழுத்த வேண்டும். கம்பளித் தக்கை கிடைக்காதபோது தவசியப்பன் கண்டுபிடித்தது கல்யாணப் பத்திரிகை. அந்த அட்டையின் கனம் அளவெடுத்தாற்போல இருந்தது. போய்வந்த கல்யாணங்களின் பத்திரிகைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்து, கூர் தீட்டிய இரும்புக் குழாயால் ஒரு தட்டுத் தட்டி வட்டங்களாக எடுப்பார். போகாத கல்யாணம் ஒன்றுதான், அந்தப் பத்திரிகையையும் வெட்டினார், பிரிக்காமலே வெட்டினார், வழக்கமாகக் கூட்டுக்கு ஒரு வட்டம்தான், இதில் அத்தனை வட்டங்களையும் ஒரே கூட்டுக்குள் வைத்து அழுத்தினார். காத்தம்மாள் மெழுகு வைத்தாள். அந்தத் தோட்டாவுக்குச் சிவப்பு நூல் சுற்றித் தனியாக எடுத்து வைத்தார்.

"இது எதுக்கு?" என்றாள் அவள்.

"இதுக்குன்னு ஒரு பன்னி வரும்."

வந்தது பன்றி இல்லை, கலவரம். ஊர் நடுத் திடலான மந்தையில் இருந்த கொடிக்கம்பத்தை யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். எந்தக் கொடி என்று இப்போது கேட்டால் மேட்டுத்தெரு ஒன்றைச் சொல்லும், பள்ளத்தெரு வேறொன்றைச் சொல்லும். ஒரு பஸ் எரிந்தது, கடைகள் ஷட்டரை இறக்கின, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். தவசியப்பன் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது, போலீஸ்காரர்கள் எல்லோரும் மந்தைக்குப் போயிருந்தார்கள். நாயிடம் ஒப்படைக்க முடியாது என்பதால் திரும்பி வந்தார்.

அவருடைய வீடு மேட்டுத்தெருவும் பள்ளத்தெருவும் முட்டுகிற முக்கு வீடு. சாயங்காலம் மேலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது, கீழிருந்து ஒரு கூட்டம் ஏறியது, இரண்டு பக்கமும் அரிவாளும் கம்பும் பெட்ரோல் பாட்டிலும் இருந்தன, கீழ்க்கூட்டத்துக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயில்முத்து வந்தான். இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடத்தில் காத்தம்மாளின் கோழிக்கூண்டு இருந்தது.

தவசியப்பன் தோட்டா டப்பாவைக் கவிழ்த்தார். அடைமழைக் காலம், காத்தம்மாளுக்குக் கை நடுக்கம் வந்தபிறகு மெழுகு வைத்தவை எல்லாம் ஈரம் கோத்து ஊதிக் கிடந்தன. காய்ந்திருந்தது ஒன்றே ஒன்று, அவள் விரல் நடுங்காத காலத்தில் மூடிய சிவப்பு நூல் தோட்டா. அதைப் போட்டுக் குழலை மூடினார். 'கடக்' சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, அத்தனை கூச்சல். வாசலில் இறங்கி வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

வெடிச்சத்தம் வரவில்லை. வெயில்முத்துவின் குரல் வந்தது. வயசு குறைந்த குரல், பூரணத்தின் கல்யாண நேரத்துக் குரல், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, வானத்திலிருந்து, அங்கே நின்ற ஒவ்வொருவரையும் அவரவர் முறை சொல்லிக் கூப்பிட்டது. மேட்டுத்தெரு கசாப்புக்கடைக்காரரை "பாய், குடும்பத்தோட வந்துருங்க" என்றது, பெட்ரோல் பாட்டில் வைத்திருந்தவனை "தம்பி, நீ பந்தியப் பாத்துக்கணும்" என்றது, அரிவாளோடு நின்ற பெரியவரை "சித்தப்பா, நாளைக்கழிச்சு நம்ம பூரணத்துக்குக் கல்யாணம், நீங்க இல்லாம எப்படி" என்றது. ஈய ரவைகள் மட்டும் எதிர் டீக்கடைத் தகரக் கூரையில் அரிசி கொட்டினாற்போல விழுந்தன.

பூரணத்துக்குத்தான் கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷமாகிவிட்டதே என்று ஒருவரும் கேட்கவில்லை. கூப்பிட்டபிறகு அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்ட வாய் இன்னும் மூடாதபோது கூப்பிட்டவன் தலையில் போடுவதும் மரியாதை இல்லை. கம்பு வைத்திருந்தவர்கள் அதைப் பின்னால் மறைத்தார்கள், "கட்டாயம் வர்றோம்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள், வெள்ளைச் சட்டை துவைத்து இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே கலைந்து போனார்கள். தன் குரலைத் தானே கேட்ட வெயில்முத்து மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கூப்பிட்டது நான், அப்படியானால் ஆக்கிப்போட வேண்டியதும் நான் என்று விளங்கி, விறகுக்கும் சமையல்காரருக்கும் சொல்லிவிட ஓடினான். எரிந்த பஸ் மட்டும் மந்தையில் புகைந்துகொண்டிருந்தது.

காத்தம்மாள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணன் என்னைய 'காத்தாயி'ன்னு கூப்பிட்டுச்சுங்க. இத்தனை வருஷத்துல யாரும் அப்படிக் கூப்பிடலை. உங்கள என்னன்னு கூப்பிட்டுச்சு?"

தவசியப்பன் தோளைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தோளில் விழுந்த உதை தெரிந்தது, புகை தெரிந்தது. வேறெதுவும் கேட்கவில்லை.

"என்னைய ஒண்ணும் கூப்பிடலை" என்றார்.

சுட்டவனுக்கு மட்டும் கேட்காது என்பது ஊரில் சிலருக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அன்றைக்கு அவர் வீம்புக்குச் சொல்கிறார் என்றே நினைத்தார்கள். கல்யாணத்தன்று இரண்டு தெருவும் மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. பூரணம் தன் புருஷனுக்குப் பக்கத்தில் மறுபடியும் மாலையோடு நின்றாள், அவள் மகள் மாவிளக்கு ஏந்தி முன்னால் போனாள், பெட்ரோல் பாட்டில் பையன் ரசம் ஊற்றினான். வெயில்முத்து வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு தங்கை புருஷனுக்காக நின்றான், முகூர்த்தம் தாண்டப் போகிறது என்று ஐயர் சத்தம் போடும் வரைக்கும் நின்றான். காத்தம்மாள் மட்டும் வந்தாள்.

"ஊருக்கே கேட்டுச்சு, உன் புருஷனுக்கு மட்டும் காது அடைச்சிருச்சாக்கும்?"

"கேக்கலைங்கிறாருண்ணே."

"நான் கூப்பிட்டேன். வரலை. இனிமே என்மேல குத்தம் சொல்ல வேணாம்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து அவள் அதை அப்படியே சொன்னாள். காலிப் பித்தளைக் கூட்டைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்த தவசியப்பன், "நான் வெட்டுன தக்கையையும் நீ வச்ச மெழுகையும் வச்சு வானம் கூப்பிட்டுச்சு. அவன் எங்க கூப்பிட்டான்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். "என்னைய மாமான்னு கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு சார்" என்றான் ஒருவன். "எனக்கு எங்க ஊர்ப் பேச்சுல கேட்டுச்சு" என்றாள் வேறூரிலிருந்து வாழ வந்தவள். எதை எழுதுவது என்று தெரியாமல் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அவரும் அன்றைக்கு மந்தையில் நின்றவர், அவரையும் "ஐயா, சாப்பிடாமப் போகக் கூடாது" என்று கூப்பிட்டிருந்தது, அவரும் போய்ச் சாப்பிட்டிருந்தார். கேஸ் இல்லை என்றார். ஆனால் துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். கேஸ் இல்லை என்றால் துப்பாக்கி எதற்கு என்று தவசியப்பன் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பின்னால் வந்த எந்த இன்ஸ்பெக்டரும் பதில் சொல்லவில்லை.

பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. கல்யாணம் வைத்தவர்கள் ஒரே ஒரு பத்திரிகை அச்சடித்துத் தவசியப்பனிடம் கொண்டுவந்தார்கள், அச்சாபீஸ்காரர் அவருக்கு விரோதி ஆனது அப்படித்தான். ஏட்டு சங்கிலி ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவருவார், தவசியப்பன் சுடுவார், ஏட்டு வாங்கிக்கொண்டு போவார். ஊரே அழைக்கப்படும், ஒருத்தர் விட்டுப்போனது என்ற பேச்சு இல்லை. வராமல் இருக்க நினைப்பவர்கள் சுடுகிற நாளில் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், சிலர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், முறை சொல்லிக் கூப்பிடுகிற குரலைப் பஞ்சு தடுக்கவில்லை. அடிதடி கேஸில் உள்ளே இருந்த ஒருவன் அழைப்பு கேட்டு, ஜாமீனுக்குக் காரணமாக அதையே சொன்னான். மறுபடி கொடிக்கம்பம் நட்டார்கள், மறுபடி வெட்டினார்கள், மறுபடி கூட்டம் கூடியது, ஆனால் அந்த வாரத்தில் எப்படியும் யார் வீட்டிலாவது காதுகுத்து இருந்தது.

பத்திரிகையில் யார் பெயர் அழைப்பவராக இருக்கிறதோ அவர் குரல்தான் வரும். செத்துப்போன பெரியவர்களின் ஆசியோடு என்று மேலே ஒரு வரி போட்டிருந்த பத்திரிகையைச் சுட்டபோது, அந்தப் பெரியவர்களும் பேசினார்கள். அன்றைக்கு ஒரு வீட்டில் அடுப்பை அணைக்க மறந்து சோறு அடிப்பிடித்தது. அதற்குப் பிறகு எல்லாப் பத்திரிகையிலும் அந்த வரி பெரிதாகிக்கொண்டே போனது, பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் ஏறின, மாப்பிள்ளை பெண் பெயர் ஓரத்துக்குப் போனது. மலையடிவாரத்து வெயிலில் தெருத்தெருவாக நின்று ஜனங்கள் தங்கள் தகப்பன் குரலைக் கேட்டார்கள், "வந்துரு, என்னா" என்று அவர்கள் முடிக்கிற விதத்தைக் கேட்டார்கள். தவசியப்பனுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தோளில் ஓர் உதை. ஊர் முழுக்க அழைத்தவரை ஒருவரும் நேரில் வந்து அழைக்கவில்லை, துப்பாக்கி அவரையும் அழைத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், தெரிந்தவர்கள்கூட அவர்தானே சுட்டார், அவருக்குத் தெரியாதா என்றார்கள். அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதை விட்டுவிட்டார்.

காலம் போய், பூரணத்தின் மகளுக்கே கல்யாணம் வந்தது. ஒரு நாள் காலையில் தவசியப்பன் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெயில்முத்து. தலை முழுக்க நரைத்து, ஒரு காலைச் சாய்த்து நின்றான். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

காத்தம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்து கதவோரம் நின்றாள். தவசியப்பன் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், தட்டு வாங்கும்போது தோளில் துண்டு இருக்கக் கூடாது.

வெயில்முத்து தொண்டையைச் செருமினான்.

"மாப்ள."

"சொல்லு மச்சான்."

"பேத்திக்கு முடிச்சிருக்கு. மேல பாருங்க, அப்பா பேரு போட்டிருக்கேன்." அவன் தட்டை நீட்டினான். "வெள்ளிக்கிழமை வெடிச்சிருங்க. ஊரு பூராவும் கேக்கணும்."

தவசியப்பன் தட்டை வாங்கினார். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நின்றார். வெயில்முத்துவும் நின்றான். முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்த இடத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு காத்தம்மாளைப் பார்த்து, "வர்றேன்த்தா" என்று சொல்லிவிட்டு, சாய்ந்த காலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லிட்டாரு அண்ணன்" என்றாள் காத்தம்மாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டான். எனக்குச் சொல்லலை."

வெள்ளிக்கிழமை ஏட்டு சங்கிலி துப்பாக்கியோடு வந்தார். தவசியப்பன் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். செத்துப்போன மாமனார் ஆண்டிச்சாமி பேசப்போகிறார். துப்பாக்கியைத் தன் கையில் கொடுத்த மனுஷன், தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் தன்னை மாப்ள என்று நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொன்ன மனுஷன். கூடவே வெயில்முத்துவின் குரலும் வரும். வானத்திலிருந்து வந்தாலும் வரட்டும், ஒரு தடவை காதில் விழுந்தால் போதும்.

"ஏட்டய்யா, இன்னிக்கு ஒரு நாள் வேற ஆள் சுடட்டுமே."

"லைசென்ஸ் உங்க பேர்லல்ல இருக்கு" என்ற சங்கிலி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். இங்கிட்டுத் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று போனார்.

தவசியப்பன் துப்பாக்கியைக் காத்தம்மாளிடம் நீட்டினார். "நீ சுடு. எத்தனை தோட்டாவுக்கு மெழுகு வச்சவ. நான் ஒரு தடவை கேட்டுக்கிர்றேன்."

அவள் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். நடுங்குகிற கையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, குழலை மேலே தூக்கினாள். அவர் வயசுக்கு மந்தமாகாமல் மிஞ்சிய நல்ல காதை வானத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பன் பேசப்போகிற நாளில் தனக்கு மட்டும் கேட்காது என்று தெரிந்தே, விரலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குடு" என்றார் தவசியப்பன்.

"பரவாயில்லைங்க, நான்..."

"குடுங்கிறேன்ல. உனக்குப் பிடிக்கத் தெரியலை, தோள் எலும்பு போயிரும்."

வாங்கினார், தூக்கினார், சுட்டார். தோளில் உதை விழுந்தது. ரவைகள் டீக்கடைத் தகரத்தில் உதிர்ந்தன. மேட்டுத்தெருவிலும் பள்ளத்தெருவிலும் ஜனங்கள் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். காத்தம்மாள் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு நின்றாள், தலையை ஆட்டினாள், சிரித்தாள், "சரிப்பா" என்றாள், "இல்லப்பா, நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்றாள். தவசியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதாவது தனக்கும் தெரிகிறதா என்று.

கல்யாணத்தன்று காலையில் அவள் பட்டுச்சேலை கட்டி, மரிக்கொழுந்து வைத்து வாசலில் வந்து நின்றாள். அவர் முற்றத்தில் சாக்கு விரித்து, அந்த ஒற்றைக் கூட்டைச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்ல?"

தவசியப்பன் கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"இன்னும் வரலைன்னு சொல்லு" என்றார். "அவன் வாயிலருந்து எனக்கு ஒரு வார்த்தை வரணும். நான் இங்கதான் இருப்பேன்னு சொல்லு."